இடது வாத்து, வலது வாத்து

இந்த வாரம் எனக்கு முக்கோண வாரம். திங்கட்கிழமையிலிருந்து முக்கோணத்தைத் தவிர வேறு எதையும் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்து, நான்கு நாளாக அதே பைத்தியமாக அலைந்துகொண்டிருக்கிறேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு மாலை நடைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சமோசாத் தட்டுக்கு முன்னால் ஒரு அம்மாள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வார்கள். அது நான்தான். அறுபத்தோரு வயதில் மண்டி போடுவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. கடைக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ஆனால் படம் வந்திருக்கிறது பாருங்கள், எகிப்து தேசமே அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போட்டோ ஆசை உள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். என்னைத் தவிர எல்லாரும் ஐ.டி. வேலைக்காரர்கள். ஒவ்வொருவர் லென்ஸும் சுரைக்காய் நீளம். குழுவைத் திறந்தால் ஏரியில் சூரியன், ஏரியில் கூழைக்கடா, மறுபடியும் ஏரியில் சூரியன். கோவில்பட்டியிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியிருக்கும் ஷாலினி ஒருநாள் வெறுத்துப்போய் எழுதினாள்: "எதை எடுத்தாலும் போன வருஷம் எடுத்த மாதிரியே இருக்கு. பேசாம கேமராவை வித்துடலாம்னு பாக்கேன்." எனக்குப் பொறுக்கவில்லை. "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வட்டத்தை மட்டும் எடுங்க. பொருளோட பேரை மறந்துடுங்க, உருவத்தை மட்டும் பாருங்க" என்று பதில் போட்டேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று அவள் நினைத்தாளாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தன பாருங்கள் படங்கள்! குமணன்சாவடியில் பரோட்டாக் கல். தண்ணீர் லாரியின் மூடி. குத்தம்பாக்கம் பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டியம்மாவின் சும்மாடு. கடைசியாக அவள் வீட்டுக்காரர் சோபாவில் கொட்டாவி விட்ட வாய். அந்தக் கொட்டாவியைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "ஆன்ட்டி, இதெல்லாம் எங்க படிச்சீங்க? ஓவியக் கல்லூரியா?" என்று ஷாலினி குழுவில் கேட்டாள். "இல்ல ஷாலினி, அம்பத்தூர் எஸ்டேட், குவாலிட்டி செக்‌ஷன்" என்றேன். குழுவில் ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனி, வண்டிகளுக்கான சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்களை பிரஸ் மிஷினில் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெர்னியர் அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன், திட்டியவர் போனதும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு என்னை புரொஃபைல் புரொஜெக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மிஷினை ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடி மேடை மேல் ஒரு பாகத்தை வைத்தால், அடியிலிருந்து விளக்கு அடிக்கும். எதிரே தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டத் திரை. அதில் அந்தப் பாகத்தின் நிழல் பத்து மடங்கு பெரிதாக வந்து விழும். திரை மேல் வரைபடத்தை ஒட்டிவைத்து, நிழலின் ஓரமும் கோடும் ஒன்றாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முடி அளவு விலகினாலும் தெரிந்துவிடும். நிறம் கிடையாது, பளபளப்பு கிடையாது, விலை கிடையாது, பேர் கிடையாது. வெறும் உருவம். எட்டு மணி நேரம் அதையே பார்த்தேன், சலிக்கவே இல்லை.

எங்கள் மிஷினில் ஒரு குணம் உண்டு. திரையில் இடம் வலம் மாறித்தான் தெரியும். பாகத்தை வலது பக்கம் தள்ளினால் நிழல் இடது பக்கம் ஓடும். முதல் மாதம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். எனக்கு எவ்வளவு பழகிப்போனது என்றால், இடம் வலம் என்பதே ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாமல் போய்விட்டது. அதுதான் பின்னால் என் காலை வாரியது. அதற்கு வருகிறேன்.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் தணிகாசலம் சார். அயப்பாக்கத்துக்காரர். பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து மேனேஜர் ஆனவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, காதில் பென்சில், மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. நல்லது என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க நமக்கு வியர்க்கும். பிடித்துப்போனால் அந்தப் பொருளைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அதற்கு மேல் பாராட்டு அந்தக் கம்பெனியில் கிடையாது.

டிஜிட்டல் கேமரா வந்த புதிதில், பாகங்களை வாங்குகிற கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் போட்டோ கேட்க ஆரம்பித்தார்கள். "நீதான் நெழல் பாத்துகினே கீறியே, நீயே எடு" என்று கேமராவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார் சார். நானும் எடுத்தேன். மேஜை மேல் பாகத்தை வைத்து, பிளாஷ் போட்டு, பட் பட்டென்று. சாம்பல் நிற மேஜையில் சாம்பல் நிறத் தகடு. பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. ஆறு மாதத்தில் கேமராவைக் கண்டாலே எரிச்சல். ஷாலினியின் சலிப்பு என்ன என்று எனக்குத் தெரியும், நான் அதைச் சம்பளத்துக்குப் பட்டவள்.

ஒருநாள் தணிகாசலம் சார் என் படம் ஒன்றை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்த்தார். துடைக்கப் போகிறார் என்று பயந்தேன். துடைக்கவில்லை.

"இன்னாம்மா இது?"

"கிளாம்ப் சார், புது மாடல்…"

"பேரு வாணாம். உருவம் சொல்லு."

நான் முழித்தேன்.

"உனக்கும் தெரில, எனக்கும் தெரில. எனக்குக் கண்ணாடி இல்லாங்காட்டி உருவம் மட்டுந்தான் தெரியும். அதுவே தெரிலன்னா இது படமே இல்ல. போய்க்கினு வேற எடுத்துகினு வா."

அடுத்த வாரமெல்லாம் அவர் செய்யச் சொன்னது எனக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. பாகத்தைக் கறுப்புத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டை வெள்ளை அட்டை மேல் வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். நடுவில் வை, ஓரத்தில் வை, பாதி அட்டைக்கு வெளியே போகட்டும், இரண்டு துண்டை முகத்துக்கு முகம் வை. கறுப்பை மட்டும் பார்க்காதே, கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிற வெள்ளையும் ஒரு உருவம்தான், அதையும் பார் என்பார். எந்த இடத்தில் கண் நிற்கிறதோ அந்த இடத்தில் நிஜப் பாகத்தை வைத்து, அப்புறம்தான் கேமராவைத் தொட வேண்டும்.

மூன்றாம் நாள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நல்ல பைத்தியம்! தொழிற்சாலை முழுக்க உருவமாகத் தெரிய ஆரம்பித்தது. பிரஸ்ஸின் பல்சக்கரம், கேன்டீன் இட்லித் தட்டு, எண்ணெய் டிரம் மேல் காயப்போட்ட கையுறைகள். பஸ்ஸில் போனால் முன்சீட்டுப் பெண்ணின் கொண்டைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் இருக்கிற காலி இடம். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் என்னைப் பேச்சுக்கு இழுக்க முடியாது. "உனக்கு என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர். அவர் காதின் உருவத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கவனித்தேன், கேள்விக்குறி மாதிரியே இருந்தது.

பிறகு நானே தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்தேன். உள்ளே டியூப்லைட், மேலே பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. அதன்மேல் பாகத்தை வைத்து மேலிருந்து எடுத்தால், புரொஜெக்டரில் தெரிகிற அதே நிழல் படமாக வந்தது. வெள்ளையில் கன்னங்கறுப்பு. கத்தியால் வெட்டியது மாதிரி ஓரம். முதல் படத்தை சார் கண்ணாடி இல்லாமல் பார்த்து, "வாத்து" என்றார். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாத்து என்பது எங்கள் ஆட்கள் ஒரு பாகத்துக்கு வைத்த பேர். பத்து இலக்க நம்பரை யார் சொல்லிக்கொண்டிருப்பது? உருவத்தைப் பார்த்துப் பேர் வைத்துவிடுவார்கள். சீப்பு, பூரான், அரைமூடி, வாத்து. வாத்துக்கு ஒரு தலை, ஒரு கழுத்து, தட்டையான உடம்பு. உடம்பின் நடுவில் தகட்டை வெட்டிச் சின்னதாக ஒரு நாக்கை மேலே தூக்கி மடித்திருக்கும், அதற்கு றெக்கை என்று பேர். வண்டியின் இரண்டு பக்கக் கதவுக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்பதால் வாத்து இரண்டு வகை. றெக்கை மேலே பார்க்க வைக்கும்போது தலை வலது பக்கம் இருந்தால் வலது வாத்து, இடது பக்கம் இருந்தால் இடது வாத்து. மாற்றிப் போட்டால் வண்டியில் மாட்ட முடியாது.

என் நிழல் படங்களைப் பார்த்த சாருக்கு ஒரு யோசனை வந்தது. பேக்கிங் ஹாலில் பாகங்களைப் பிரித்துப் போடும் ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் பாகத்தின் நம்பரும் என்னுடைய பழைய சாம்பல் நிறப் போட்டோவும் தொங்கும். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "நெழலை நெஜ சைஸ்ல பிரின்ட் போட்டுத் தொங்கவுடு. பீஸை அது மேல வச்சுப் பாத்துப் போடட்டும்" என்றார். இரண்டே வாரத்தில் எல்லாத் தொட்டிக்கும் கார்டு தயார் செய்தேன். ஹாலுக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க என் படங்கள், கண்காட்சி மாதிரி. என் தலை கூரையில் இடித்தது.

பேக்கிங்கில் ரேணுகா என்று ஒரு பெண். அத்திப்பட்டு. கான்ட்ராக்டில் நான்கு வருஷமாக வேலை செய்கிறவள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். நிரந்தரம் செய்வதற்கான பட்டியலில் அவள் பேர் அப்போதுதான் மேலே போயிருந்தது. "வசந்தாக்கா, இப்பதான்க்கா கண்ணுக்கே தெர்து. முன்னாடி இருந்த போட்டோவெல்லாம் ஈயச் சொம்பை இருட்டுல பாத்தா மாரி இருந்துச்சு" என்று என்னைக் கட்டிக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். நானும் அதை நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். வாத்து வாங்குகிற கம்பெனியின் தர அதிகாரி இரண்டு பெட்டிகளோடு காலையிலேயே வந்து நின்றார். வலது வாத்துப் பெட்டியில் இடது வாத்து, இடது பெட்டியில் வலது. அவர்கள் அசெம்பிளி லைனே நின்றுபோயிருக்கிறது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் பாஸ்கர் பெட்டியின் சீட்டைப் பார்த்து, "ரேணுகா போட்டது சார். வேலைல கண்ணு இல்ல, பேச்சுதான். பட்டியல்லருந்து பேரை எடுத்துடலாம், நாளையிலருந்து வரவும் வாணாம்" என்றார். ரேணுகா, "கார்டு மேல வச்சுப் பாத்துத்தான் சார் போட்டேன், சத்தியமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹால் காலியாக இருந்தபோது உள்ளே போனேன். ஒரு வலது வாத்தை எடுத்து வலது கார்டு மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. அதையே கவிழ்த்து இடது கார்டு மேல் வைத்தேன். அதுவும் அச்சாகப் பொருந்தியது.

உங்கள் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு எதிரே பிடித்து, சுவரில் நிழல் விழ வையுங்கள். இடது கையின் நிழலும் வலது கையின் நிழலும் வேறு வேறாகத் தெரியும். இப்போது ஒரு கையை மட்டும் திருப்புங்கள், உள்ளங்கை புறங்கையாகட்டும். இரண்டு நிழலும் ஒன்றுதான். எது இடது, எது வலது என்று நிழலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என் அழகான கறுப்புப் படம் றெக்கையை விழுங்கிவிட்டது. றெக்கை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது கார்டில் இல்லவே இல்லை. பழைய சாம்பல் போட்டோவில்கூட உற்றுப் பார்த்தால் அது தெரியும். புரொஜெக்டர் முன்னால் இத்தனை வருஷம் இடம் வலம் மாறியதையே பார்த்துப் பார்த்து, அது ஒரு குறை என்றே என் கண்ணுக்குப் படாமல் போயிருந்தது. வேறு எந்த போட்டோக்காரரும் செய்திருக்க மாட்டார், என்னைப் போல நிழல் பார்த்துப் பழகிய ஒருத்திதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே போய்ச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் சுவரிலிருக்கும் என் படங்கள் எல்லாம் இறங்கும். சொல்லாவிட்டால் ரேணுகா போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு எழுந்து போய் சாரிடம் சொன்னேன். வாத்தை வைத்துக் காட்டினேன், கவிழ்த்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேய்ந்துவிடும் என்று தோன்றியது. கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து, நான் எடுத்த முதல் வாத்துப் படத்தை வெளியே எடுத்தார்.

"நானுந்தானேம்மா பாக்கெட்டுல வச்சுகினேன்" என்றார். "வா, போய்ச் சொல்லிடலாம்."

சொன்னோம். பாஸ்கர் ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தினி வருசம் கரீட்டா போயிகினு இருந்துச்சு, இப்ப மட்டும் கார்டு மேல பழியா சார்?" என்றார். அதிகாரிக்கும் சந்தேகம்தான். தணிகாசலம் சார் இரண்டு தொட்டி வாத்துகளையும் தரையில் ஒன்றாகக் கொட்டச் சொன்னார். ரேணுகாவைக் கூப்பிட்டார்.

"கார்டு இல்லாம பிரி."

அவள் தரையில் உட்கார்ந்தாள். குவியலை அவள் பார்க்கவே இல்லை, பாஸ்கரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடியது. எடுப்பாள், இடது உள்ளங்கையில் வைப்பாள், வலது கட்டைவிரலை றெக்கைக்கு அடியில் நுழைப்பாள், தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போடுவாள். விரல் நுழையவில்லை என்றால் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், திருப்பிக்கொள்வாள். அரை நிமிஷத்துக்கு ஒரு சின்னக் குவியல். முழுவதும் முடிந்ததும் அதிகாரி இரண்டு குவியலையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றுகூட மாறவில்லை.

"இவ்ளோ நல்லாத் தெரியுமே, அப்புறம் ஏம்மா கார்டைப் பாத்துப் போட்ட?" என்று கேட்டார் அதிகாரி.

"கார்டைப் பாத்துத்தான் போடணும்னாங்க சார். படிச்சவங்க எடுத்த படம். என் கட்டவெரல் பெருசா, படம் பெருசா?"

எனக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள். அதுதான் அதிகமாக வலித்தது.

அதிகாரி நியாயமான மனிதர், ஆனால் கறார். "சரி, தப்பு கார்டு மேலதான். ஆனா ஒருத்தர் விரலை நம்பி என் லைன் ஓட முடியாது. வாத்தையே பாக்காத ஒரு ஆள்கூட பிரிக்கிற மாதிரி கார்டு வேணும். நாளைக்குக் காலையில வர்றேன். அது வரைக்கும் இந்தம்மா பேக்கிங்ல உக்கார வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ்கர் முகத்தில் ஒரு திருப்தி. அப்போது மணி மூன்று இருக்கும்.

அதற்கு அடுத்த இரண்டு மணி நேரம் மாதிரி நான் வாழ்நாளில் வேலை செய்ததில்லை! முதலில் பிளாஷ் அடித்தேன், தகடு பளிச்சிட்டதே ஒழிய றெக்கை தெரியவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. உருவம் மட்டும் போதாது, புடைப்பு வேண்டும். புடைப்பைக் காட்ட வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக வர வேண்டும். ஸ்டோர் ரூமில் மேற்கே பார்த்த ஒரு ஜன்னல் இருந்தது. நாலு மணி வெயில் அதில் சாய்வாக நுழையும். அங்கே மேஜையைத் தூக்கிப் போட்டோம். றெக்கையின் நிழல் நீளமாக வாத்தின் உடம்பு மேல் விழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். தகட்டின் சொரசொரப்பு, வெட்டிய ஓரத்தின் பிசிறு, எல்லாம் கைக்கு எட்டும் போலத் தெரிந்தன.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து ரேணுகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா, றெக்க உள்ள போறா மாரி கீதே? பள்ளமா கீது."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. மேடாகத்தானே தெரிகிறது? நான் மறுபடி பார்த்தேன். அவள் சொன்ன பிறகு எனக்கும் பள்ளமாகத்தான் தெரிந்தது. கண் சிமிட்டினால் மேடு, மறுபடி சிமிட்டினால் பள்ளம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்போ எப்படிடி காட்டுறது?" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"இன்னாக்கா, இவ்ளோதானே. இப்டி" என்று வாத்தை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை றெக்கைக்கு அடியில் நுழைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நான் அப்படியே நின்றேன். கையின் உருவம். கட்டைவிரலின் உருவம். றெக்கைக்கு அடியில் விரல் போயிருக்கிறதென்றால் றெக்கை மேலேதான் இருக்கிறது, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. தலை எந்தப் பக்கம் என்பது பளிச்சென்று தெரிகிறது. "அசையாதே!" என்று கத்தினேன். பின்னால் ஒரு கறுப்புத் துணியை மாட்டி, ஜன்னல் வெயில் அவள் கைமேல் மட்டும் விழும்படி நிறுத்தி, வலது வாத்துக்கு ஒன்று, இடது வாத்துக்கு ஒன்று எடுத்தேன். சார் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, நாலடி பின்னால் போய் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கை. கட்டவெரல். வாத்துத் தலை இந்தாண்ட" என்றார். பிரின்ட் எடுத்ததும் ஒன்று அவர் பாக்கெட்டுக்குள் போனது.

மறுநாள் காலையில் அதிகாரி வந்ததும் நேரே வாசல் கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ராணுவத்தில் இருந்தவர், வாத்துப் பாகத்தை வாழ்க்கையில் தொட்டதில்லை. கலந்து கொட்டிய குவியலையும் இரண்டு கார்டையும் அவர் முன்னால் வைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் கைகட்டி நின்றார்கள். அண்ணன் கார்டைப் பார்த்தார். ஒரு வாத்தை எடுத்தார். தானாகவே உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை நுழைத்தார். மெதுவாகத்தான் செய்தார், ஆனால் கடைசி வாத்து வரை ஒன்றுகூட மாற்றிப் போடவில்லை. நான் கைதட்டிவிட்டேன். ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். அதிகாரி கார்டின் மூலையில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் பாஸ்கர் வாயைத் திறந்தார். "நல்லதா போச்சு சார். இனிமே யார் வேணா செய்யலாம். அப்போ ரேணுகாவே வேணும்னு இல்லியே, வேற ஆள் போட்டுக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைக் காப்பாற்ற எடுத்த படமே அவளை வெளியே தள்ளப் பார்க்கிறது! ரேணுகாவின் முகம் விழுந்துவிட்டது.

தணிகாசலம் சார் கார்டைத் தொட்டிக்கு மேல் ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது, நேராக்கினார். பிறகு திரும்பினார்.

"செவுத்துல கீற கைய எப்டிப்பா வெளிய அனுப்புவே? நாளைக்கு எவனாச்சும் வந்து இது யார் கைன்னு கேட்டா இன்னா பதில் சொல்வே? இந்தாண்ட இருக்கிற எல்லாத் தொட்டிக்கும் இதே மாரி கார்டு வேணும். அதுக்கெல்லாம் கை யாருது?"

பட்டியலில் ரேணுகாவின் பேர் அப்படியே இருந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் சீப்பு, பூரான், அரைமூடி என்று எல்லாவற்றுக்கும் அவள் கையை வைத்தே கார்டு எடுத்தேன். எந்தப் பாகத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்வாள், வெளிச்சத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வேன். சண்டை போட்டுக்கொள்வோம். முக்கால்வாசி தடவை அவள்தான் ஜெயிப்பாள். என் முப்பத்தைந்து வருஷ வேலையில் அதைவிடச் சந்தோஷமான இரண்டு மாதம் கிடையாது.

நிரந்தர ஆர்டர் வந்த அன்று, அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டிருந்தார்கள். ரேணுகா ஆர்டரை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். நான் கேமராவை எடுத்து, "தலையைச் சீவிக்கோ, மூஞ்சியைத் துடைச்சுக்கோ" என்றேன்.

"மூஞ்சி எதுக்குக்கா?" என்றாள். கட்டைவிரலை நீட்டினாள். "இதை ஒட்டச் சொல்லு. வேலை வாங்கிக் குடுத்தது இதுதான்."